பதினான்காம் டெர்மினலில் எழுதியது

1.

இந்தக் கதை ஒரு கூடைப்பந்து ஆட்டத்திலிருந்து பிறந்தது. அதை எங்கே சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் தொடக்கம்.

"லேய்த்தே தீவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முப்பது கணினி டெர்மினல்கள் வந்து இறங்கிய அந்த இனிய" (வேண்டாம், தலைமையாசிரியர் பேசுவது போல இருக்கிறது.)

"பெர்லிதா மேடம் அழவில்லை. ஆனால்" (பொய். அழுதார். கணக்கு வகுப்புக்கு முகம் கழுவிக்கொண்டு போனார்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நாளை மதியத்துக்குள் பெர்லிதா மேடம் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். அது சரியில்லை என்றால் முப்பது டெர்மினல்களும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விடும். அவர் பெயருக்கு நேரே "கவனக்குறைவு" என்று ஏறிவிடும். அவர் கணக்கு டீச்சர். இந்தக் கணினி ஆய்வகத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். விடுமுறையில் தானே ஏணி வைத்து ஏறி வயர் இழுத்தார்.

2.

டெர்மினலுக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் அது வயர் வழியாக ஒரு கூப்பாடு போடும்: என் முகவரி என்ன, நான் எங்கே போய் வேலையை ஆரம்பிக்க வேண்டும்? ஆய்வகத்தின் தாய்க் கணினியான சர்வர் பதில் சொன்னால் திரை வரும். வேறு யாராவது முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதையும் நம்பிவிடும், பாவம்.

(அடிக்குறிப்பு: பள்ளிக்கூடத்தில் ஒரே பிரிண்டர். தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. யார் எதை அடித்தாலும் தலைமையாசிரியர் தியோடுலோ சார் முதலில் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.)

திங்கட்கிழமை ஆய்வகத்தைப் பார்வையிடக் கல்வித்துறையின் பெண் மேலதிகாரி வந்தார். வாசலில் தியோடுலோ சாரின் முகம் போட்ட பெரிய பேனர், உள்ளே பான்சிட் நூடுல்ஸ். மாணவர்கள் சுவிட்சைப் போட்டார்கள்.

"மேடம், எனக்குக் கறுப்பா நிக்குது!"

"எனக்கும் மேடம்!"

பதினொரு திரைகள்தான் வந்தன. மறுபடி போட்டதும் ஒன்பது.

"முப்பதுல ஒம்பதா? மிச்சமெல்லாம் அலங்காரத்துக்கா?" என்றார் மேலதிகாரி.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு மேடம், சத்தியமா," என்றார் பெர்லிதா மேடம்.

அதிகாரியின் வண்டி வாசலைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் முப்பதும் வந்துவிட்டன.

"பாருங்க சார், இப்ப எல்லாமே வருது!"

"இப்ப வந்து என்ன பிரயோஜனம்? என் மானம் போச்சே!" என்று கத்தினார் தியோடுலோ சார்.

3.

யாரோ ஆசிரியர் அறைச் சுவரில், ஆய்வகத்துக்குப் போகும் அதே வயரில், வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைச் சொருகியிருந்தார்கள். சர்வரை முந்திக்கொண்டு பதில் சொன்னது அதுதான். இந்தக் கதையின் முதல் பிரதியில் அதைச் சொருகியவர் தலைமையாசிரியர். எழுதும்போது நல்ல ருசியாகத்தான் இருந்தது. இரண்டாம் பிரதியில் ஒரு எலி வயரைக் கடித்தது. எலிமேல் பழி போட்டால் கேட்க யார் வரப்போகிறார்கள்?

ஆனால் எந்தப் பிரதியிலும் பெர்லிதா மேடம் நான் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறி, வயர் வயராகப் பார்த்து, இல்லாத தப்பைத் தேடிக்கொண்டே இருந்தார். எனக்கே பொறுக்கவில்லை.

4.

சொருகியவன் நான்தான்.

ஆசிரியர் அறையில் போனுக்குச் சிக்னல் வராது. அன்று கூடைப்பந்து அரையிறுதி, போனில் பார்க்க வேண்டியிருந்தது. அலமாரிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆய்வகத்தில் கூச்சல் கேட்டதும் பயந்துபோய்ப் பிடுங்க வந்தேன். அதற்குள் அதிகாரி ஆசிரியர் அறையிலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து போன பிறகுதான் பிடுங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கேவலமாக இருக்கிறது. மூன்று நாளாகப் பெர்லிதா மேடத்தின் முகத்தைப் பார்த்துக் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியவில்லை.

5.

இதை எழுத எனக்கு வீட்டில் லேப்டாப் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பதினான்காம் டெர்மினலில் வந்து உட்கார்ந்தேன். பெர்லிதா மேடத்தின் மேசையிலிருந்து முப்பது திரைகளையும் பார்க்கலாம், எந்த மவுஸையும் அங்கிருந்தே பிடுங்கிக்கொண்டு இயக்கலாம். எனக்கு வாயால் சொல்லத் தைரியமில்லை.

இப்போது என் கை படாமலே அம்புக்குறி நகர்கிறது. எழுதியதை முதல் வரிவரை மேலே இழுத்துவிட்டு, மெதுவாகக் கீழே கொண்டுவருகிறது.

"கிரிஸ்பின் சார்." பெர்லிதா மேடம் தன் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டாங்க மேடம்."

"மூணு நாளா ஏணியில ஏறி இறங்குனேனே. பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"



அம்புக்குறி பிரிண்ட் பொத்தான்மேல் போய் நின்றது. அவர் மவுஸை விட்டுவிட்டார்.

"அமுக்கறது உங்க கை சார். நான் அமுக்க மாட்டேன்."

முடிவை எழுதப் போவதில்லை. இது உங்கள் கையில் தியோடுலோ சார் படித்துக் கொடுத்த காகிதமாக இருந்தால், நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். திரையில்தான் படிக்கிறீர்கள் என்றால், நான் இன்னும் பதினான்காம் டெர்மினலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இரண்டு இரும்புப் பெஞ்சுகளுக்கு அப்பால் ஏணியை மடக்கிக்கொண்டிருக்கிறார்.