ரேடியோவில் வந்த இருமல்

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று ரேடியோவில் சொன்னவள் செவெரினாதான். அந்த ரேடியோ அலறிக்கொண்டிருந்த அறையின் ஜன்னலுக்கோ பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. தையல் மெஷின் சத்தம் தெருவுக்குப் போனால், அனுமதியில்லாத பட்டறை என்று யாராவது போலீசில் சொல்லிவிடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். சத்தத்தை மூடத்தான் ரேடியோவும் நாள் முழுக்க ஓடும். புவெனஸ் அயர்ஸில் பொலிவியாக்காரர்கள் தைக்கிற பட்டறை எல்லாவற்றிலும் அதே வானொலிதான்.

முதலாளி எவாரிஸ்தோ பொலிவியாவில் அவளுடைய எல் ஆல்தோ ஊர்க்காரர். அவளுடைய ஆறு வயது மகள் நைராவுக்கு ஞானத்தகப்பன் வேறு; அந்த உறவில் அவர் அவளைக் கொமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். அதனாலேயே அவரை எதிர்த்துப் பேச அவளுக்கு நா எழாது. இரண்டு மாதமாக இருமுகிறார், கேட்டால் பஞ்சுத்தூசி என்பார். நைரா படுப்பதும் விளையாடுவதும் அதே அறையில், துணி வெட்டும் மேசைக்கு அடியில். முதலில் அவர் இருமும்போதெல்லாம் செவெரினா மகளைத் தள்ளிப் படுக்கச் சொல்வாள். கேட்டுக் கேட்டு அலுத்தும் போயிற்று. பதினான்கு மணி நேரம் ஜிப் தைக்கிறவளுக்குப் பயப்படவாவது தெம்பு வேண்டாமா?

ஞாயிறுதோறும் சுகாதார நிலையத்தில் காசநோய் வகுப்பு. போனுக்கு வீடியோ, ரேடியோவுக்கு விளம்பரம், எல்லாம் தொழிலாளிகளே செய்ய வேண்டும். "நிஜமான பட்டறைச் சத்தம் இருந்தாத்தான் நம்ம ஜனம் நம்பும்" என்றாள் நர்ஸ். செவெரினா போனை மெஷின் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் பதிந்து அனுப்பினாள். திரும்பக் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கேட்கிற இழவை யார் இன்னொரு தரம் கேட்பார்கள்?

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அது ஒலிபரப்பானது. முதலில் மெஷின்கள். பிறகு ஒரு இருமல்: குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. பிறகு, வகுப்பில் பதிந்த அவள் குரல்: "பதினைஞ்சு நாளுக்கு மேல இருமினா சுகாதார நிலையத்துக்கு வாங்க. காசு வேணாம், விசா பேப்பர் கேக்க மாட்டாங்க. ஜன்னலைத் தொறந்து வைங்க."

பக்கத்து மெஷின் கிரிசோஸ்தமோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பாடப் போறீங்கன்னு சொல்லவே இல்லையே முதலாளி!"

எவாரிஸ்தோவின் முகம் செத்துவிட்டது. அதற்குள் போன். வேறொரு பட்டறைக்காரன். "என்னப்பா, ரேடியோல இருமுறது நீதானே?"

போனை வைத்துவிட்டு அவளிடம் வந்தார். "ஊரே சிரிக்குது கொமாத்ரே. அதை எடுக்கச் சொல்லு."

"வேணும்னு செய்யல கொம்பாத்ரே. ஆனா எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துருங்களேன்."

"டிபின்னு ஒரு பேச்சு கெளம்பினா எவன் எனக்குத் தைக்கக் குடுப்பான்? அப்புறம் நீயும் பிள்ளையும் எங்க போய்ப் படுப்பீங்க?"

அவர் சொன்னதும் உண்மைதான்.

கோபத்தில் ரேடியோவை அணைத்தார். மெஷின்கள் தெருவரைக்கும் கேட்டன. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போட்டார். மணிக்கொரு தரம் அந்த இருமல் வந்தது. வரும்போதெல்லாம் தன் இருமல் அதோடு சேர்ந்துவிடாமல் வாயைப் பொத்தி, கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம், எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு சூப் குடிக்கிற நேரம். விளம்பரம் முடிந்து, பாட்டு தொடங்குமுன் ஒரு நொடி அமைதி. அதில் ஓர் இருமல்.

"முதலாளி, இது நேரடி ஒலிபரப்பா?" என்றான் கிரிசோஸ்தமோ.

பொத்திய வாயோடு எவாரிஸ்தோ இல்லையென்று தலையாட்டினார். மறுபடியும் கேட்டது. சின்ன இருமல், மேசைக்கு அடியிலிருந்து.

எவாரிஸ்தோ மண்டியிட்டு உள்ளே பார்த்தார். "எத்தனை நாளா இருமுது பிள்ளை?"

செவெரினாவுக்குத் தெரியவில்லை. இந்த இரைச்சலில் அது அவள் காதில் விழுந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் பதினைந்து நாள் கணக்குச் சொன்னவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு நாள்கூடக் கணக்கு வைக்கவில்லை.

"நாளைக்கு நூறு ஜாக்கெட் குடுக்கணும்" என்றாள், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"குடுத்துக்கலாம், கெளம்பு." எவாரிஸ்தோ நைராவைத் தூக்க இரு கையையும் நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "நீ தூக்கிக்க. நான் தெருவுக்கு அந்தப் பக்கமா நடந்து வரேன். அங்க போனதும் முதல்ல என் பேரை எழுதச் சொல்லு."