இரண்டு பெருக்கல் குறிகள்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல், பிற்பகலில் தெளிந்த வானம், மாலையில் இலை அசையாத புழுக்கம். அன்று இரவு எட்டு மணி இரண்டு நிமிடத்திற்குத் துறைமுக நகரம் ஒன்றின் மேடையிலிருந்து மேலே குதித்த நாட்டியக் கலைஞர், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வேறோர் ஊரின் மேடையில் இறங்கினார். இடைப்பட்ட நாட்களில் அவர் எங்கிருந்தார் என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. அவரையே கேட்டபோது, "எங்கயும் போகலையே. குதிச்சேன், இறங்கினேன். நீங்கல்லாம் ஏன் வேற சட்டை போட்டிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவருடைய நெற்றியில் துறைமுக நகரத்து வியர்வை இன்னும் உலரவில்லை.

உயரம் காரணமாக நெட்டையர் என்று அழைக்கப்பட்ட இவர், ஊர் ஊராகச் சென்று ஆடும் குழு ஒன்றைச் சேர்ந்தவர். குழுவுக்குத் தலைவி அவருடைய உடன்பிறந்த அக்கா. பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், ஒரு பஸ், பாய் போல் சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க கறுப்பு ஆடுதளம், இரண்டு மரப்பெட்டி நிறைய உடைகள் ஆகியவையே குழுவின் மொத்த உடைமை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் ஓர் ஊரில் ஆடுவார்கள். மற்ற நாட்களில் அடுத்த ஊரை நோக்கிச் செல்வார்கள். ஞாயிறு ஆட்டத்தின் இறுதியில் நெட்டையரும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு குதி குதிப்பது வழக்கம். மனைவிக்குப் பம்பரம் என்று பெயர் விழுந்திருந்தது. அவர் சுழலத் தொடங்கினால் முன்வரிசையில் இருப்பவர்களின் தலைமயிர் பறக்கும் என்பது மிகையன்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் பம்பரத்தின் வலது முழங்கால் பிசகியது. இனி ஆயுளுக்கும் குதிக்கக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆகவே மேற்குறித்த ஒன்பதாம் நாள் பம்பரம் முதன்முறையாக மேடையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்தார். நெட்டையர் முதன்முறையாகத் தனியே குதித்தார்.

நாட்டியத்தைத் தொழிலாகக் கொண்டோர் ஒத்திகையின்போது உடலை முழுமையாகச் செலவழிப்பதில்லை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் இரண்டு கால்களாகப் பாவித்து, தொடையின் மீதே முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு 'விரலில் ஆடுவது' என்று பெயர். ஆட முடியாமற்போன பம்பரமும் நாற்காலியில் அமர்ந்தபடி, ஒவ்வோர் ஆட்டத்தையும் வலக்கை விரல்களால் தொடைமீது ஆடிக்கொண்டிருந்தார். பழக்கமான விரல்கள் சும்மா இருப்பதில்லை. அதை எவரும் பொருட்படுத்தவில்லை, பம்பரமும் பொருட்படுத்தவில்லை.

முதல் மாதம் அனைவரும் வியந்தார்கள். இரண்டாம் மாதம் பழகிவிட்டார்கள். மேடைப் பொறுப்பாளர் முன்கூட்டியே அடுத்த ஊருக்குச் சென்று, ஆடுதளத்தின் நடுவில் வெள்ளை நாடாவால் ஒரு பெருக்கல் குறி ஒட்டி வைப்பார். நெட்டையர் அதன் மீது துல்லியமாக இறங்குவார். ஒருமுறை குறி சற்றுத் தள்ளி ஒட்டப்பட்டதால் அவர் மத்தளத்தின் மீது இறங்கினார். அந்த ஊரில் அதற்குத்தான் மிகுந்த கைதட்டல் கிடைத்தது. மருத்துவர் இருவர் வந்து அவருடைய கெண்டைக்காலை அளந்து, மிகச் சாதாரணமான கால்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுவரொட்டிகளில் 'சென்ற ஊரில் குதித்தவர் இந்த ஊரில் இறங்குகிறார்' என்று அச்சிடப்பட்டது. மூன்றாம் ஆண்டில் ஒரேயொரு ஞாயிறு மட்டும் அவர் குதித்த இடத்திலேயே தொப்பென்று இறங்கினார். பலகை சரியில்லை என்று அரங்கத்தார் மீது பழி போடப்பட்டது. அன்று அவர் எல்லோருடனும் பஸ்ஸில் வந்தார். காய்ச்சலில் கிடந்த பம்பரம், வழி முழுவதும் கணவரின் மடியில் தலைவைத்துத் தூங்கினார். ஆறு ஆண்டுகளில் தாம் மேற்கொண்ட மிகச் சிறந்த பயணம் அதுவே என்று அவர் பிற்பாடு பலமுறை சொன்னதுண்டு.

ஏனெனில் கணவருக்கு ஒரு மூச்சாக இருந்தது மனைவிக்கு ஐந்து நாட்களாக இருந்தது. ஆண்டு இறுதி விடுமுறைக்கு முந்திய குதியோ இரண்டு மாதம் நீண்டது. திருமணத்தன்று நெட்டையர் இரண்டு வயது மூத்தவர். ஆறாம் ஆண்டில் பம்பரம் இரண்டரை வயது மூத்தவராகிவிட்டார். "இப்படியே போனா, இன்னும் கொஞ்ச வருஷத்துல நீங்க என்னை அக்கான்னுதான் கூப்பிடணும்," என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நெட்டையர் அந்த ஞாயிறு குதிப்பதில்லை என்று உறுதி பூண்டு, நேரம் வந்ததும் பக்கத்துத் திரைச்சீலையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை அடுத்த ஊரில் திரைச்சீலையோடு இறங்கினார். இது விதி, மனிதரால் ஆவது ஒன்றுமில்லை என்று குழுவினர் முடிவுக்கு வந்தார்கள்.

பம்பரம் மட்டும் வேறொரு முடிவுக்கு வந்தார். ஆற்றங்கரை நகரம் ஒன்றில் இருந்த நாட்டியப் பள்ளிக்கு, நாற்காலியில் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியர் தேவையா என்று கடிதம் எழுதினார். தேவை என்று பதில் வந்தது. குழு அந்நகரை அடைந்தபோது நாத்தனாரிடம் சென்று, "அண்ணி, நான் இங்கேயே இறங்கிக்கறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க இந்தப் பக்கம் வரும்போது அவரைப் பார்த்துக்கறேன். இப்பவும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே பார்க்கிறேன்?" என்றார். நெட்டையர் மூன்று நாளும் சாப்பாட்டுத் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பிற்பகல் பம்பரத்தின் பெட்டி பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டது. கணவர் குதிப்பதை இதுவரை ஓரத்திலிருந்தே பார்த்திருக்கிறோம், கடைசியாக ஒருமுறை நேரே பார்த்துவிடுவோம் என்று எண்ணி, அவர் மூன்றாம் வரிசையில் ஓர் இருக்கையில் அமர்ந்தார். அழுகை வந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையை இரு கைகளாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எட்டு மணி நான்கு நிமிடத்திற்கு நெட்டையர் குதித்தார். எட்டு மணி நான்கு நிமிடத்திற்கே இறங்கினார். மேடை அதிர்ந்தது.

திரை அவசரமாக மூடப்பட்டது. சுவரொட்டியை நம்பி வந்திருந்த மக்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பம்பரம் முழங்காலை மறந்து மேடைக்குப் பின்புறம் ஓடினார். "என்னடா ஆச்சு உன் காலுக்கு?" என்று தலைவி கேட்டுக்கொண்டிருந்தார். "காலு நல்லாத்தான்க்கா இருக்கு. தரைதான் சீக்கிரம் வந்துடுச்சு," என்றார் தம்பி, அவர் முகத்துக்கு மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை. அப்போது மேடைப் பொறுப்பாளர் தமது குறிப்பேட்டைப் புரட்டினார். தேதி, வானிலை, யார் வந்தார், யார் வரவில்லை, எது எத்தனை மணிக்கு நடந்தது ஆகிய அனைத்தையும் அதில் எழுதுவது அவர் கடமை. மூன்றாம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து, அதிர்ந்து பேசாத அம்மனிதர் படித்தார்: "'நெட்டையர் இடத்திலேயே இறங்கினார். பம்பரத்துக்குக் காய்ச்சல், பஸ்ஸில் படுத்திருக்கிறார்.' இன்னிக்கும் அந்த நாற்காலி காலி. மத்த எல்லா ஞாயிறும் நீங்க அதுல உட்கார்ந்து விரல்ல ஆடிட்டிருந்தீங்கம்மா. நான் பார்த்திருக்கேன்."

எல்லோரும் பம்பரத்தின் வலக்கையைப் பார்த்தார்கள். பம்பரமும் அதை யாரோ ஒருவருடைய கையைப் போலப் பார்த்தார்.

"அப்போ ஆறு வருஷமா இவரைத் துரத்திவிட்டது நானா?"

"கல்யாணம் ஆன வீட்டுல இதெல்லாம் சகஜம்தாம்மா," என்றார் பஸ் ஓட்டுநர்.

பம்பரம் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, மிகுந்த எச்சரிக்கையுடன் இரண்டு விரல்களைத் தொடையில் ஊன்றி ஒரு சிறு எம்பு எம்பினார். சும்மா நின்றிருந்த நெட்டையர் விளக்குகளின் உயரத்திற்குச் சென்றார். "ஏய், இறக்குடி! சுடுது!" என்று கத்தினார். விரல் இறங்கியது; அவரும் இறங்கினார். முதலில் சிரித்தது யார் என்று குறிப்பேட்டில் இல்லை. அனைவரும் சிரித்தார்கள் என்று மட்டும் உள்ளது. ஆறு ஆண்டுகளாகத் தன்னிடமிருந்து கணவரைப் பறித்தது தன் கையே என்பதும், அதனை மடக்கி வைத்தால் அவர் இனி எங்கும் போகமாட்டார் என்பதும் பம்பரத்துக்கு விளங்கின. தலைவிக்கும் விளங்கியது. "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இறங்குவான்னு அடுத்த ஊர் பூரா ஒட்டியாச்சு," என்று தொடங்கியவர், தானே நிறுத்திக்கொண்டு, "போகட்டும், மழையில கிழிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கறேன். உன் விரல், உன் புருஷன். நான் ஒண்ணும் கேட்கமாட்டேன்மா," என்றார்.

பம்பரம் தமது இடக்கையை எடுத்து, வலக்கைக்குப் பக்கத்தில், மற்றத் தொடையின் மேல் வைத்தார்.

"அண்ணி, இந்தக் கையில நான் ஆடிப் பார்க்கட்டுமா?"

"முழங்கால் என்னத்துக்கு ஆகும்? டாக்டர் குதிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரே!" என்று பதறினார் நெட்டையர்.

"காலைத்தானே சொன்னார்? விரலைச் சொல்லலையே," என்றார் பம்பரம். "நீங்க முதல்ல இறங்கி, கையை நீட்டிட்டு நில்லுங்க. நான் தாளத்துல அரை எண்ணிக்கை தள்ளி வர்றேன். கால் தரையில படாது."

"கையை நீட்டுறேன், வராம இருந்துடாதே."

"ஐயோ பாவம், ஒரு மூச்சு காத்திருக்க முடியாதா? நான் ஆறு வருஷம் காத்திருந்தேன்."

மேடைப் பொறுப்பாளர் கைப்பையிலிருந்து வெள்ளை நாடாவை எடுத்து, "எத்தனை குறி ஒட்டணும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு, நெருக்கமாக, என்று விடை கிடைத்தது. திரை மீண்டும் திறந்தது. மேடையின் நடுவில் மடக்கு நாற்காலியில் பம்பரம், அருகே நெட்டையர். எட்டு மணி முப்பத்தொன்றாம் நிமிடத்தில் நான்கு விரல்கள் எழுந்தன. அதன்பின் மேடையில் நாற்காலி மட்டும் இருந்தது. ஓட்டுநர் யாரும் சொல்லாமலே பெட்டியைத் திரும்பப் பஸ்ஸில் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நெட்டையர் அடுத்த ஊரின் முதற்குறியில் இறங்கிக் கைகளை நீட்டினார். அரை எண்ணிக்கை கழித்து, கூந்தல் அவிழ்ந்த நிலையில், பம்பரம் அக்கைகளில் விழுந்தார். அரங்கமே எழுந்து நின்றது. பம்பரம் முதலில் சொன்னது, "அட, அவ்வளவுதானா?" என்பதாகும். இரண்டாவதாகச் சொன்னது, "இன்னொரு தடவை!" என்பதாகும். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் குதித்திருந்தார்.

இவ்வாறு பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. நாட்டியப் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒரு மாதம் சென்று பம்பரம் நாற்காலியிலிருந்து கற்பித்தார். விடுமுறைக்கு முந்திய ஞாயிறுகளில் அவர் கைகளைக் கட்டிக்கொள்ள, இருவரும் பஸ்ஸிலேயே சென்றார்கள். வானத்தைக் கடந்த நெட்டையருக்கு மலைப்பாதையில் வாந்தி வந்ததால் ஜன்னலோரம் அவருக்கென ஒதுக்கப்பட்டது. பம்பரம் கடைசிவரை இரண்டரை வயது மூத்தவராகவே இருந்தார். கோபம் வரும்போது நெட்டையர் அவரை அக்கா என்று அழைப்பதும், அதனால் கோபம் இடம் மாறுவதும் வழக்கமாயின. பின்னர் குழு கலைக்கப்பட்டது. கடைசி ஆட்டத்திற்கு அடுத்த ஊர் இல்லை. ஆதலால் மேடைப் பொறுப்பாளர் அவர்கள் புதிதாகக் குடிபுகவிருந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கூடத்தின் நடுவில் இரண்டு பெருக்கல் குறிகளை ஒட்டினார். தலைவி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஜூன் இருபத்திரண்டு, லேசான காற்று, மேகமில்லை. முதலில் நெட்டையர் இறங்கிக் கைகளை நீட்டினார். அரை எண்ணிக்கை கழித்துப் பம்பரம் வந்து சேர்ந்தார். "செருப்பை வெளியில விடக் கூடாதா ரெண்டு பேரும்?" என்றார் தலைவி. மேடைப் பொறுப்பாளர் குனிந்து நாடாவை உரித்தெடுத்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: இருவரும் வீட்டில் இறங்கினர்; காலை ஏழு மணி பதினோரு நிமிடம்.