மூன்றாம் மாடிக்குப் போகாத பார்சல்

பார்சல்காரி பையிலிருந்த பெட்டிகளைத் தையல்காரரின் மேஜைமேல் இறக்கிவைத்துவிட்டு, மூலையில் தனியாகக் கிடந்த ஒன்றைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"இன்னுமா இது போகல, அண்ணே? நாளைக்கு நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடணும்."

வீடு வீடாக ஏறி இறங்கினால் பொழுதே போய்விடுகிறது என்று, தெருவுக்கு ஒரு கடையில் எல்லாப் பார்சலையும் போட்டுவிடுவதாகக் கம்பெனியில் புது ஏற்பாடு. இந்தத் தெருவுக்குத் தையல்காரர் கடை. நல்ல ஏற்பாடுதான். பார்சல்காரியின் மகள் பள்ளி விட்டு வரும்போது அவள் இப்போதெல்லாம் வீட்டில் இருக்கிறாள். மனைவி போனபிறகு மிஷின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லாதிருந்த தையல்காரருக்கும், ஆள் மாற்றி ஆள் வந்து "எனக்கு வந்திருக்கா?" என்று கேட்பது, வெளியே சலித்துக்கொண்டாலும், உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

"யாருதும்மா அது?"

"எதிர்க்கட்டடத்து மூணாம் மாடி அம்மாவுது. முன்னெல்லாம் நான் படியேறுற சத்தம் கேட்டே கதவைத் திறந்து வெச்சிருப்பாங்க. உக்காரச் சொல்வாங்க. எனக்கெங்க நேரம்? வாசல்லயே தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு ஓடி வந்துடுவேன்." பையை மாட்டிக்கொண்டாள். "இப்ப போன் பண்ணா, 'வேண்டாம், திருப்பி அனுப்பிடு'ங்கறாங்க."

அவள் போனபின் அவருக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் இல்லாத கட்டடம். மேலே போய்ச் சேருவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்தவருக்கு அவர் வயதுதான் இருக்கும். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

"நீங்க ஏங்க சிரமப்பட்டு? வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"அப்படி என்னம்மா இருக்கு இதுல?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செருப்புங்க. வழுக்காத செருப்பு. மழையில இந்தப் படியில விழுந்ததுலேருந்து இறங்கவே பயம். இது வந்துட்டா இறங்கலாம்னு வாங்கினேன். பாத்தா, இதை வாங்கவே கீழ இறங்கி வரணுமாம்."

அவரும் சிரித்தார். படிக்கட்டு முழுக்க அந்தச் சத்தம் உருண்டு போனது. வேறு யாரோ சிரித்தது போல அவர் திரும்பிப் பார்த்தார்.

கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால், "போட்டுப் பாத்துடுங்க. அளவு சரியில்லன்னா மாத்தணுமில்ல" என்றார்.

அளவு சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மா படிகளையே பார்த்தபடி நின்றார். தையல்காரர் ஒரு படி இறங்கித் தோளைக் காட்டினார்.

"பிடிச்சுக்குங்க. நான் முன்னாடி இருக்கேன்."

விரல்கள் சட்டையோடு சதையையும் சேர்த்து இறுகப் பற்றின. வலித்தது. அடுத்த படியில் காலை வைத்தார். படிகள் திரும்பும் இடம் வந்ததும், அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது.

"கடையில யாருங்க? பார்சல் வாங்கணும்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"போங்க, ஆள் காத்திருக்காங்க."

"வர்றேன்!" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா புதுச் செருப்பின் நுனியால் அடுத்த படியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.