நல்லாத்தானே இருக்கா

"வணக்கம் டாக்டர். நான் நல்லா இருக்கேன். எனக்கு ஒன்பது வயசு" என்று மகள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது, எழுந்து ஒரு ஆட்டம் போடலாமா என்றிருந்தது அவனுக்கு. அதுவும் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்! கண்ணை இல்லை, புருவத்தைத்தான். அந்த வித்தியாசம் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

சும்மா வந்ததா இது? மூன்று மாத உழைப்பு. அவன் சலூன் வைத்திருப்பவன். மாலையில் முறைக்குக் காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு நாள் டாக்டரானார்கள். ஒருவர் பாதி மழித்த தாடியோடு டாக்டர், இன்னொருவர் சோப்பு நுரைக்குள்ளிருந்தே "வயசு என்னம்மா?" என்றார். "இவ மட்டும் பாஸாகட்டும், நான் மொட்டை போட்டுக்கறேன்" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர். கடையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். "இது என்ன பரீட்சையா? எதுக்குப் பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று மனைவி கேட்டாள்தான். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிய பிள்ளை, ஓரிடத்திலாவது சபாஷ் வாங்கட்டுமே என்ற பேராசை.

டாக்டர் பேனாவை மூடினார். "நல்லாத்தானே இருக்கா? கேட்டதுக்குப் பதில் சொல்றா, அடக்கமா உக்காந்திருக்கா. லேசான ஆட்டிசம்னுதான் சான்றிதழ் குடுக்க முடியும்."

"அப்ப பள்ளிக்கூடத்துல உதவியாள்?"

"அது ரொம்ப முடியாதவங்களுக்குங்க."

உதவியாள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு பெயரை எடுத்துவிடுவோம் என்று ஐந்தாவது பள்ளி எழுதியே கொடுத்திருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"ஐயோ, அதெல்லாம் நாங்க சொல்லிக் குடுத்தது டாக்டர். இவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று ஆரம்பித்தான். தூங்க மாட்டாள், கையைக் கடித்துக்கொள்வாள், கழிப்பறைக்குத் தனியாகப் போக மாட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டினான். அவள் கைகளை மடியில் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தாள். பேசாவிட்டாலும் எல்லாம் அவள் காதில் விழுகிறது என்று ஊர் உலகத்தோடு சண்டை போட்டவனே அவன்தான்.

"நீங்க சொல்றத வச்சு எழுத முடியாது. நான் கண்ணால பாக்கணும். வேணும்னா அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் அடுத்தவரை அழைக்க மணியை நோக்கிக் கையை நீட்டினார்.

நாளெல்லாம் ஊரார் தலையைத் தொடுகிறவன், மகள் தலையில் கைவைத்து நாலு வருஷம் ஆகிறது. வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

கையைத் தூக்கினான். அவள் பார்த்தாள். வேறு யாராயிருந்தாலும் விலகியிருப்பாள். அப்பாவின் கை என்பதால் நகரவில்லை. ஐந்து விரலையும் பிடரி முடிக்குள் நுழைத்து அழுத்தினான்.

நாற்காலி கவிழ்ந்தது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி அலறிக்கொண்டு அவள் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டாள். டாக்டர் பதறிப்போய்க் காலை மேலே இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி?"

"அஞ்சாறு தடவை டாக்டர்."

கீழே அவள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். குனிந்தால் போதும், கையை வாயிலிருந்து எடுத்துவிடலாம். டாக்டர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். அவன் குனியவில்லை.