இரண்டு மரநாய்களின் வண்டி

என் மனைவி சில்கேயின் கார் மேட்டில் ஏறும்போது விக்கியது. பிறகு சமதரையிலும் விக்கத் தொடங்கியது. இந்த மாதம் வண்டிக்குத் தகுதிச் சோதனை. இந்த விக்கலோடு போனால் தேறாது.

"இன்னைக்கு சரியாகலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம் மாப்ள," என்றார் ஓய்கன், என் மாமனார். அடுத்த வீடு. "இல்லாதவ வண்டிய வெச்சுக்கிட்டு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சில்கே அப்பாவைப் போலக் குள்ளம். நான் ஆறடிக்கு மேல். அவள் இறந்த பிறகும் ஓட்டுநர் இருக்கையை நகர்த்தவில்லை. ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும் முழங்கால் நிற்க, தவளைபோல் உட்கார்ந்து ஓட்டுகிறேன். இதை இரும்புக்குப் போட எனக்கு மனமில்லை.

பட்டறைக்கு மாமாவும் கூட வந்தார். மெக்கானிக் ரோஸ்விட்டா பானட்டைத் திறந்தாள்.

"இது என்ஜினா, கக்கூஸா?"

உள்ளே சில்கேயின் பழைய காலுறையில் அடைத்த நாய்முடி. மரநாய் வயரைக் கடிக்காமலிருக்க ஊரில் எல்லோரும் கட்டுவதுதான், நானும் கட்டினேன். பக்கத்தில் கழிப்பறைக்கான பச்சை வாசனைக்கட்டி. அது எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் அதிகம் யோசிப்பதில்லை.

கணினி மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்று காட்டியது. அதன் பிளக்கை எடுத்து இரண்டாவதில் போட்டாள். விக்கல் மூன்றாவதிலேயே இருந்தது.

"அப்போ பிளக் மேல தப்பில்ல."

ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்தாள். ஓடும் என்ஜினின் வயர்கள்மேல் தண்ணீரைத் தெளித்தாள். மூன்றாவது வயரிலிருந்து நீலப்பொறி வெளியே குதித்தது. அந்த இடத்தில் ஊசியால் குத்தியதுபோல் பல்தடம்.

"ஒரே மரநாய்னா என்ஜின் மேல சும்மா படுத்துத் தூங்கும். இன்னொன்னோட வாசனை அடிச்சாத்தான் வெறிபிடிச்சுக் கடிக்கும். வண்டி வேற எங்க நிக்குது?"

"எங்கயும் இல்ல. வேலைக்கு ரயில்லதான் போறேன்."

"கத விடாத. இது ரெண்டு வீட்டுச் சோறு தின்ன வண்டி."

ஓய்கன் என்னைப் பார்த்தார். "யாரு மாப்ள அவ?"

"யாரும் இல்ல மாமா."

ரோஸ்விட்டா பச்சைக் கட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இத யாரு கட்டுனது?"

"நான் இல்ல," என்றேன்.

ஓய்கன் கூரையைப் பார்த்தார். "எலுமிச்சை வாசனைதான் வாங்கப் போனேன். கடையில பைன்தான் இருந்துச்சு."

அவரிடம் இரண்டாவது சாவி இருந்தது. நான் ரயில் ஏறியதும் வண்டியைத் தன் காய்கறித் தோட்டத்துக்கு ஓட்டிப்போய், பேரி மரத்தடியில் நிறுத்தி, அதிலேயே தூங்கிவிட்டு வருவாராம். தோட்டக் குடிசைக் கூரையில் வேறொரு மரநாய் குடியிருக்கிறது. பெட்ரோலும் போட்டு வைத்திருக்கிறார். டேங்கில் பெட்ரோல் குறையாததை வண்டியின் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் இரும்புக்குப் போடச் சொன்னீங்க?"

"கண்ணு முன்னாடி நின்னா எடுக்கத் தோணுது. ரேடியோவ அவ வெச்ச ஸ்டேஷன்லயே விட்டிருக்கேன். கண்ட பாட்டும் பாடுது."

ரோஸ்விட்டா புது வயர் போட்டாள். விக்கல் நின்றது. "வாசனை போக என்ஜினக் கழுவிட்டேன். இனிமே ஒரே எடத்துல நிக்கட்டும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"தோட்டத்துல நிக்கட்டும் மாமா. ஞாயித்துக்கிழம நான் அங்க வரேன்."

"வந்தா உருளைக்கிழங்கு தோண்டணும்."

"தெரியும்."

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. நான் பக்கத்தில், சில்கே ஓட்டும்போது எப்போதும் உட்கார்ந்த இடத்தில். மேட்டில் வண்டி விக்காமல் ஏறியது.

"கால நீட்டு மாப்ள," என்றார்.

நீட்டினேன்.