செவ்வாய்க்கிழமை மீட்டிங்

வாஜித் மௌத்தான பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமையும், மாலை ஐந்தரை மணி மீட்டிங்கை அவர்தான் தொடங்கிவைத்தார். தன் குரல் எல்லாருக்கும் கேட்கிறதா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். மணிலாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கேட்கிறது என்றார்கள். பிறகு எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்ற பேச்சு வழக்கம்போல நடந்து முடிந்தது. அவர் இறந்த செய்தியைக் கம்பெனி எல்லா நாட்டு ஊழியர்களுக்கும் மெயிலில் அனுப்பியிருந்தது. எல்லாருக்கும் வரும் மெயிலை அங்கே யாரும் திறப்பதில்லை. வாஜித்தும் திறந்ததில்லை.

அஸ்தினாபுரம் வீட்டில் அவர் மனைவி ருக்ஸானா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வெளியே போகாத மாதங்கள் அவை என்பதால் ஆபீஸ் லேப்டாப் திருப்பிக் கொடுக்கப்படாமல் அவருடைய மேசையிலேயே கிடந்தது. சார்ஜரைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அது மணியடித்தது. மகள் கைனாத் பாஸ்வேர்டைப் போட்டாள். வாஜித் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகக் காட்டி, அது அவர்களை விருந்தாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. வாஜித்தின் குரல் வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு கேட்டது. ஜன்னலுக்கு வெளியேயும் அதே லாரிதான் அப்போது ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க" என்றாள் ருக்ஸானா. யாருக்கும் கேட்கவில்லை. இரைச்சல் கூடாது என்று, பேச அழைக்கப்படாத எல்லாரையும் மியூட்டில் வைப்பது வாஜித்தின் ஏற்பாடு. அதை அவரால் மட்டுமே எடுக்க முடியும்.

அவளுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது. கடைசி நாள் காலையில் அவர் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்து வாசலில் பேச ஆரம்பித்தாள். காதில் ஹெட்செட்டோடு இருந்த அவர், அந்த வீட்டில் எத்தனையோ வருடமாகச் செய்துவந்ததைப் போல, ஒரு நிமிஷம் என்று ஒரு விரலை உயர்த்திவிட்டு இறங்கிப் போனார். மேடவாக்கம் கூட்ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதும் ஹெட்செட் காதில்தான் இருந்தது.

இத்தா முடிந்ததும் லேப்டாப்பை வாங்கிப்போக ஜெயவேலு வந்தான். வாஜித்துக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"மீட்டிங்கை கேன்சல் பண்ணச் சொல்லி மேலேர்ந்து மெயில் வந்திருக்குக்கா. ஆனா ஆர்கனைசர் சார்தான். அவரே பண்ணாத்தான் உண்டு."

"அவரு இல்லையேப்பா."

"எனக்குத் தெரியும்க்கா. சிஸ்டத்துக்குத் தெரியலையே. பர்மிஷன் கேட்டுப் போட்டேன், அந்த ரெக்வெஸ்ட்டும் சார் அப்ரூவலுக்கே போய் நிக்குது. லேப்டாப் இங்கயே இருக்கட்டும். தூக்கிட்டுப் போய், அப்ரூவல் இல்லாம மீட்டிங் நின்னுச்சுன்னா என் தலையத்தான் உருட்டுவாங்க."

டீயைக் குடித்துவிட்டு வெறும் கையோடு போனான்.

வருடங்கள் போயின. மேனேஜர்கள் மாறினார்கள், கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது, பெயர்ப்பலகை மாறியது. செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை. கைனாத் வேலைக்குப் போனாள், அவளும் காதில் ஹெட்செட்டோடு ஒரு விரலை உயர்த்தப் பழகினாள். மீட்டிங் முடிவில் வாஜித், வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். யாரும் பேச மாட்டார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் ருக்ஸானா மியூட்டிலேயே தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவாள். முதலில் அழுதுகொண்டே சொன்னாள். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், போலந்துக்காரர் நன்றி சொல்லிக் கிளம்பும் நேரத்தில் வாஜித் தமிழில் பேசினார்.

"ஒரு நிமிஷம் இருங்க. அவங்க பேசிட்டிருக்காங்க."

யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லா நாடுகளும் காத்திருந்தன. கேமரா எப்போதும்போல அணைந்திருந்தது. அவர் ஒரு விரலை உயர்த்தியிருக்கிறார் என்பது ருக்ஸானாவுக்குத் தெரியும். திரையில் மியூட் அடையாளம் போயிருந்தது.

"மொகமே சரியில்லீங்க" என்றாள். "இன்னிக்குப் போக வேணாம்."

"சரி" என்றார் வாஜித். "போகல."

இப்போது சரக்கு விவரம் முடிந்ததும் கொஞ்ச நேரம் தமிழில் நடக்கிறது. தண்ணீர் லாரி வந்ததா, கைனாத்தின் கல்யாணப் பேச்சு என்ன முடிவாயிற்று என்று. மணிலாக்காரர் அந்த நேரத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார்.