இருநூறு எழுத்துக்குள் ஒரு காரணம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்கப்பட்டது. அதுவும் கதையாகக் கேட்கப்படவில்லை. ஒரே ஒரு வரிதான் கேட்டார்கள். அந்த வரியை எழுத முடியாமல், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததுதான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

கேட்டவன் தீனதயாளன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஒரு நகைக்கடையின் மாடியில் இருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு இப்போது மேலாளர். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் பாலிசியும் அங்கேதான் இருக்கிறது. நான் அதே சாலையில் உரக்கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் கதையைப் படித்தவர் என்று ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

இரண்டாயிரத்து இருபது மார்கழியில் ஒரு வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்தான். முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, பொட்டாஷ் மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"ஒரு பொண்ணுக்கு வேல குடுக்கணும்டா. நீதான் எழுதறவனாச்சே. ஒரு வரி எழுதிக் குடு. இருநூறு எழுத்துக்குள்ள இருக்கணும்."

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வேண்டுமாம். ஒரு வரிக்கு இரண்டு நாளா என்று சிரித்தேன். இன்று சனிக்கிழமை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய வெள்ளிமலைப் பேருந்தின் ஜன்னலோரத்தில், பனி விலகாத விழிகளோடு அவள்

(நிறுத்திவிட்டேன். அவள் வெள்ளிமலை பஸ்ஸில் வந்தாள் என்று தீனா சொன்னதும், அவளை மலைக்காரப் பெண்ணாக்கி, பலா மரமும் தேனடையும் வைக்கக் கை பரபரத்தது. எனக்கு மலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கரியாலூரில் படகில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோதான். அவள் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறியவள்.)

இரண்டாவது தொடக்கம்:

"இட ஒதுக்கீடு என்பது ஒரு சமூகத்தின்

(இதற்கு உரக்கடைக்காரன் தேவையில்லை. டீக்கடையில் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது.)

மூன்றாவது, பரவாயில்லை என்று பட்டது: தேவிப்ரியா பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள்.*

* அவளுடைய உண்மைப் பெயர் இலக்கியா. அதை அப்படியே வைத்தால் குறியீடு என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள். ஆகவே தேவிப்ரியா.

3

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் அந்த நிறுவனத்துக்கும் ஊர்மேல் மரியாதை வந்துவிட்டது. கிளையில் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மேசை, ஒரு போன், ஒரு நாற்காலி போட முடிவு செய்தார்கள். நாற்காலிக்கு ஓர் ஆள் வேண்டும். தேவிப்ரியா விண்ணப்பித்தாள்.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் தோழிகள் மூன்று பேர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனியில் இருக்கிறார்கள். ஹாஸ்டல், ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போன். அவளுக்கும் அங்கே சொல்லி வைத்தாகிவிட்டது. பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். அவளுக்குப் போக இஷ்டமில்லை.

ஏன் இஷ்டமில்லை என்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். ஒரு காதல் வைத்துப் பார்த்தேன். அவள் அம்மா அமிர்தத்துக்கு ஒரு நோய் வைத்துப் பார்த்தேன், பாவம், கல் மாதிரி இருக்கிற மனுஷி. கடைசியில்தான் உறைத்தது: சொந்த ஊரில் இருக்க விரும்புவதற்கு ஒருத்தி காரணம் காட்ட வேண்டுமா? காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய், சாயங்காலம் இறங்கி, வீட்டுச் சோறு தின்று, கோமுகி அணைப் பக்கமிருந்து வரும் காற்றில் காலை நீட்டிக்கொண்டு போன் பார்க்க அவளுக்கு ஆசை. எனக்கும் அதே ஆசைதான். நான் கடை வைத்துத் தப்பித்தேன்.

4

நேர்முகத் தேர்வு நாளன்று ஊரில் ஊர்வலம். இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டு, சாதிச் சங்கத்தார் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனார்கள். நான்குமுனைச் சந்திப்புக்கு முன்னாலேயே போலீஸ் பஸ்களை நிறுத்திவிட்டது.

எந்தச் சங்கம் என்று எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். எழுதினால் கதையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆனால் எண்பத்தேழில் மறியலுக்காகச் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த வாரத்தில் தேவிப்ரியாவின் அப்பா கந்தசாமி மீசை முளைக்காத பையன், கோடாலி தூக்க முடியாமல் தண்ணீர்க் குடம் தூக்கினார் என்று எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். சரி, தெரிந்தால் தெரியட்டும்.

தேவிப்ரியா பஸ்ஸைவிட்டு இறங்கி, சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தீனா எனக்குச் சொன்னது அவ்வளவுதான். ஊர்வலத்தின் இரண்டாவது வரிசையில் கந்தசாமியைக் கொடியோடு நிறுத்தியது நான்.

"இன்னாம்மா, இன்னும் போவலயா?" என்றார் அவர்.

"நீதானப்பா ரோட்ட மறிச்சிக்கினு நிக்கற."

கந்தசாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை மறைக்க, ஒரு மாதமாக மனசில் கிடந்த கேள்வியைக் கேட்டார்.

"அந்த வேலைல நம்புளுக்கு எதுனா பங்கு வச்சிக்கிறாங்களா?"

"பிரைவேட்டுப்பா. அதெல்லாம் கெடயாது."

"அப்ப இன்னாத்த பாத்து எடுப்பாங்க?"

"பேசச் சொல்லிப் பாப்பாங்க."

"பேசவா," என்றார் கந்தசாமி. "அப்ப கெடச்சிரும்."

கொடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கி மகளைச் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கோஷம் போட்டார்.

5

தேர்வு இதுதான். தீனா கண்ணாடி அறைக்குள் இருந்து, வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கும் விண்ணப்பதாரருக்குப் போன் செய்வான். அவன் வாடிக்கையாளர். வீட்டில் ஒரு சாவு. காப்பீட்டுத் தொகைக்கு என்ன செய்வது என்று கேட்பான். சொல்ல வேண்டியதெல்லாம் ஓர் அட்டையில் அச்சிட்டு மேசையில் இருக்கும். அதில் இரண்டு வரி கட்டாயம். தொடக்கத்தில் வணக்கம் சொல்லும் வரி. முடிவில், "எங்களை அழைத்ததற்கு நன்றி. மீண்டும் அழையுங்கள். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்" என்ற வரி. இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்ற மதிப்பெண்ணெல்லாம் அழிந்து கணினியில் பூஜ்யம் விழும். இந்தத் தவறுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபேட்டல், அதாவது உயிர்க்கொல்லி.

ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தியாகதுருகத்து இளைஞன் அஜித்குமார், சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு, கடைசி வரியைக் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோலச் சொன்னானாம். எண்பத்தாறு மதிப்பெண். அவனைக் குறை சொல்லாதீர்கள். அட்டையில் இருந்ததைத்தானே சொன்னான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனைப் பெயரைச் சாகடித்துச் சாகடித்து தீனாவுக்கு அலுத்துவிட்டது. தேவிப்ரியாவின் முறை வந்தபோது, "எங்க அப்பா அரங்கநாதன், நேத்து தவறிட்டாருங்க" என்று வாயில் வந்துவிட்டது. அரங்கநாதன் அவனுடைய சொந்த அப்பா. ஐப்பசியில் இறந்தவர். நானும் பாடை தூக்கப் போயிருந்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தானாம். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். கூட யார் இருக்கிறார்கள், அம்மா சாப்பிட்டார்களா என்று கேட்டாள். பிறகு இறப்புச் சான்று, பாலிசிப் பத்திரம், நாமினியின் வங்கிப் புத்தகம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எதற்கும் அவசரமில்லை, கருமாதி முடியட்டும் என்றாள்.

அதோடு நிறுத்திவிட்டாள். தீனா கடைசி வரிக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அவள் போனை வைக்கவும் இல்லை.

"ரெண்டு பேரும் போன காதுல வச்சிக்கினு சும்மா இருந்தோம்டா," என்றான். "எவ்ளோ நேரம்னு தெரில."

பிறகு வெளியே போய்க் கேட்டிருக்கிறான், கடைசி வரியை ஏன் சொல்லவில்லை என்று. அவள் அட்டையைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"அப்பா செத்துட்டாருன்றீங்க சார். மறுபடியும் கூப்டுங்கன்னு எப்புடி சார் சொல்றது?"

6

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று யாரும் சொல்வதில்லை. போகிறவரும் 'போய்ட்டு வரேன்' என்று சொல்வதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவள் யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாக நின்றுவிட்டது.

தீனா சொன்ன இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அப்பா போன பிறகு, சொந்தக் கம்பெனிக்கே அவன் வாடிக்கையாளனாகப் போன் செய்தான். பேசிய ஆள் இனிய நாள் வாழ்த்தினார். பிறகு ஓர் இயந்திரக் குரல் வந்து, இந்த உரையாடலுக்கு ஐந்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டது. ஐந்து கொடுத்தானாம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மேலாளருக்கு ஒரு வழி இருக்கிறது. பூஜ்யத்தை மீறி ஆளை எடுக்கலாம். அதற்குக் கணினியில் ஒரு பெட்டி. காரணத்தை இருநூறு எழுத்துக்குள் எழுத வேண்டும். மும்பையில் ஒருவர் படித்துவிட்டு, சரி என்பார் அல்லது இல்லை என்பார். தமிழில் சொல், ஆங்கிலத்தில் நான் மாற்றிக்கொள்கிறேன் என்றான் தீனா.

உன் அப்பாவைப் பற்றியே எழுதிவிடு என்றேன்.

"ஊரே கொடி புடிச்சிக்கினு நிக்குது. இப்பப் போயி மார்க் இல்லாத பொண்ண எடுத்தா இன்னா பேசுவானுங்க? அப்பாவ இழுத்து, சொந்தக் காரணத்துக்கு எடுத்தேன்னு நானே எழுதிக் குடுக்கறதா?"

தீனா என்ன சாதி என்று கேட்கிறீர்கள். அவளுடைய சாதி என்றால், தன் ஆளை எடுத்துவிட்டான் என்பார்கள். வேறு சாதி என்றால், சங்கத்துக்குப் பயந்து எடுத்துவிட்டான் என்பார்கள். எதை எழுதினாலும் பேச்சு ஒன்றுதான். நான் எழுதவில்லை.

7

என் முயற்சிகள்:

"விண்ணப்பதாரர் தமது வட்டார மரபின்படி, துக்க நேர்வுகளில் (அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போட்டதுபோல இருக்கிறது.)

"வாடிக்கையாளரின் மனநிலையை உணர்ந்து (எல்லாப் பெட்டியிலும் இதைத்தான் எழுதுவார்கள்.)

"விண்ணப்பதாரர் பதற்றத்தில் கடைசி வரியை மறந்துவிட்டார். பயிற்சியில் சரியாகிவிடும்."

இது பிரமாதமான வரி. மும்பை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும். வெள்ளிக்கிழமை காலையிலேயே தீனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அந்தப் பொண்ணு செஞ்சது தப்புன்னு ஆயிரும்ல," என்றான்.

ஆகிவிடும். அதோடு, பயிற்சி கொடுத்துச் சரிசெய்தும் விடுவார்கள். தை மாதத்திலிருந்து செத்த வீடுகளுக்கெல்லாம் அவள் இனிய நாள் வாழ்த்துவாள். ஆனால் வீட்டுச் சோறு தின்பாள். இதை லேசில் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. நியாயம் பேசுவது கடை வைத்திருப்பவனுக்குச் சுலபம்.

8

முடிவுகளையும் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று: மும்பைக்காரர் உருகி, அட்டையிலிருந்தே அந்த வரியை எடுத்துவிடுகிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

இரண்டு: அஜித்குமாருக்கு வேலை. ஒரு நாள் கந்தசாமி இறந்து, தேவிப்ரியா போன் செய்ய, அவன் இனிய நாள் வாழ்த்துகிறான். (கந்தசாமியைக் கொல்ல மாட்டேன். கதை நன்றாக வருகிறது என்பதற்காக ஆளைக் கொல்வதா?)

மூன்றாவது, முடிவு அல்ல; தேர்வு முடிந்த அன்று சாயங்காலம். எனக்குப் பிடித்திருப்பதால் வைக்கிறேன். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போண்டா தின்கிறார்கள். அவருக்குக் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருக்கிறது.

"பேசினியா?"

"பேசினம்பா."

"நல்லா பேசினியா?"

"கடைசில மட்டும் பேசல."

கந்தசாமி சட்னியைத் தொட்டு ஒரு வாய் தின்றார். "நானும் கடைசில பேசல. தொண்ட போயிருச்சி," என்றார். அவள் சிரித்துவிட்டாள். வெள்ளிமலை பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஊர் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

9

இப்போது சனிக்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. கடையில் ஆள் இல்லை. தீனா போனில் இருக்கிறான். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல்லுடா சொல்லுடா என்கிறான். இத்தனை பக்கம் எழுதியவனிடம் அந்த ஒரு வரி இல்லை. சுருக்கமாக எழுதத் தெரிந்திருந்தால் நான் கவிஞனாகியிருப்பேன்.

ஆகவே அந்த வரியை எழுதும் வேலையை உங்களிடம் தருகிறேன். மறந்துவிட்டாள் என்று எழுதினாலும் உங்களை நான் கோபிக்க மாட்டேன். அவளுக்கு வேலை கிடைத்தால் போதும். வேறு மாதிரி எழுத முடிந்தால் இன்னும் சந்தோஷம். மும்பையில் படிக்கப் போகிறவருக்குக் கச்சிராயபாளையம் எங்கே என்று தெரியாது. நம் சங்கம் தெரியாது, கருமாதி தெரியாது, கந்தசாமியைத் தெரியாது. ஆனால் அவர் வீட்டிலும் ஒரு நாள் யாராவது செத்திருப்பார்கள். ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து தொடங்குங்கள்.